அடுப்புக்கு மேலே இனி ஷீட் இல்லை

சிஜி மக்கா,

ரப்பர் வெட்டப் போகிறேன். நீ நல்ல உறக்கம், எழுப்பவில்லை. கஞ்சி கேஸ் அடுப்பில் உண்டு. உன் அம்மைக்கு அதைக் கொடுத்த பிறகு மாத்திரை கொடு. விறகு அடுப்பைப் பற்ற வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ, புகை அம்மைக்கு ஆகாது என்று என்னைச் சத்தம் போட்டு, அடுப்புக்கு மேலே காயத் தொங்கிய ரப்பர் ஷீட்டை எல்லாம் இழுத்துக் கீழே போட்டாய். "ஏட்டி, நீ பெரிய டாக்டராக்கும்!" என்று கத்தினேன். அதிலிருந்து நாம் பேசவில்லை.

புகை பட்ட ஷீட்டில் பூஞ்சை பிடிக்காது. அதுபோல நெஞ்சுச் சளியும் போகும் என்றுதான் காய்ச்சலோடு கிடந்த அம்மையை அடுப்படியில் இருத்தினேன். நேற்று நீ படிக்கப் போன பிறகு அவளுக்கு மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரும் நீ சொன்னதையே சொன்னார்: "புகை நெஞ்சைப் புண்ணாக்கிச்சு. அந்தப் புண்ணில காய்ச்சல் கிருமி ஏறிப் பிடிச்சுட்டு. ரெண்டும் சேந்தா மோசமாக்கும்."

"என் மவ அண்ணைக்கே சொன்னா சாரே, நர்ஸுக்குப் படிக்கிறா" என்றேன். வரிசையில் நின்றவர்களும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

ஷீட்டை எல்லாம் வெளியே கம்பியில் போட்டாச்சு. பூஞ்சை பிடித்தால் பிடிக்கட்டும்.

அப்பா

எழுத்து கோணலாக இருக்கும். நீ சொல்லித் தந்ததுதானே, திட்டாதே.

அம்மை அடுப்படிக்கு வந்தால் என்னைச் சத்தம் போட்டதுபோல அவளையும் போடு.

கதவருகே நின்று அம்மை மூச்சு விடுவதைக் கேட்டேன். இரைப்பு குறைந்திருக்கிறது. அது உன்னாலேயாக்கும்.