இந்த வருஷத்து மேரை

அயனம்பாக்கம்
26-2-1970, வியாழக்கிழமை

சிரஞ்சீவி கங்காதரனுக்கு உன் நைனா கன்னியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகம். உன் தங்கை பேபி, மாப்பிள்ளை லட்சுமணன், குழந்தை மூவரும் சுகம், குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்து குப்புற விழுகிறான், எல்லாரும் உன் ஜாடை என்கிறார்கள், உன் அம்மா மட்டும் காது என் காதைப் போல இருக்கிறது என்று குறைப்படுகிறாள். மனசுக்குச் சுகமா என்று கேட்டாயானால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஜபல்பூரில் நீ குளிரில்லாமல் சௌக்கியமாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

உன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தக்காளியும் கத்தரியும் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், உன் அம்மாவுக்கு ஒரே பெருமை. தினமும் வாளி வாளியாக ஊற்றுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அப்படிச் செய்யாதே. செடியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தரம் சாயங்காலம் நிதானமாக விடு, தண்டின் மேல் ஊற்றாமல் வேருக்கு விடு. மேலே மேலே நனைத்தால் வேர் சோம்பேறியாகிவிடும், கீழே இறங்காது. நான் வழக்கம்போல அம்பத்தூர் எஸ்டேட்டில் மேனேஜர் பங்களா தோட்டத்துக்கு சைக்கிளில் போய் வருகிறேன். நெல்லுக்குப் பாய்ச்சின கை இப்போது ரப்பர் டியூபைப் பிடித்துப் புல்லுக்குப் பாய்ச்சுகிறது. அந்தப் புல்லை ஆடு தின்பதில்லை, மாடு தின்பதில்லை, மனிதரும் மிதிக்கக் கூடாது, ஆனால் காலையும் மாலையும் தண்ணீர் கேட்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் கோபம் இல்லை, சோறு போடுகிற புல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏரியின் சின்ன மதகுக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது உனக்குத் தெரியும். கடைமடையில் துலுக்கானத்தின் தொண்ணூறு செண்ட் மட்டும் இன்னும் நிலமாக இருக்கிறது. துலுக்கானம் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் ஒண்டியாக இருந்துகொண்டு அதை விற்காமல் வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் காய்ந்த பிறகு இந்தக் கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் நம் வீட்டு வாசலுக்கு வந்து, நாற்று விடட்டுமா, கிணற்றுத் தண்ணீர் பாதியில் நின்றுபோனால் மதகைத் திறந்து விடுவீர்களா என்று கேட்டாள். நான், நடு, தண்ணிக்கு நான் ஆச்சு என்றேன். முப்பது வருஷமாக மதகுக் கம்பியைக் கையில் வைத்திருக்கிறவன், யார் வந்து கேட்டாலும் இந்த ஒரு வார்த்தைதான் என் வாயில் வரும். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவளும் நட்டாள். மழை இருந்தவரை மழைத் தண்ணீர், அப்புறம் அவள் கிணற்றுத் தண்ணீர் என்று பயிர் வந்தது, நல்ல பயிர், கரும்பச்சையாக இடுப்பு உயரம் நின்றது. பொங்கலுக்குப் பிறகு ஒரு பொட்டு மழை இல்லை. அந்தக் கிணறு மூன்று வருஷ வறட்சியில் ஊற்றடைத்துப் போன கிணறு, இப்போது நாலு வாளி இறைத்தால் சேறு வருகிறது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம் இது. இந்த வாரத்துக்குள் ஒரு தண்ணீரும் பத்து நாள் கழித்து இன்னொரு தண்ணீரும் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் எல்லாம் பதர். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம், வெயிலில் கண் கூசும்படி தளும்பிக்கொண்டு நிற்கிறது. கரையில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வெடித்த நிலம். நடுவில் உன் தங்கை வீடு.

அதை உனக்கு நான் இதுவரை எழுதவில்லை, வெட்கத்தினால்தான் எழுதவில்லை. பேபி வீடு வாய்க்காலின் மேல் நிற்கிறது. அவர்கள் மனையில் வாய்க்கால் போகிற இடம் மேற்கு ஓரம் மட்டும்தான், கிழக்கே எட்டடி தள்ளிக் கட்டியிருந்தால் தண்ணீர் தன் வழியே போயிருக்கும். பூமி பூஜை அன்றைக்கு லட்சுமணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இந்த எடத்துல தண்ணி கிண்ணி வருமா, நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டார். அவர் கேட்காமல் இல்லை. வாய்க்கால் அப்போது மூன்றாம் வருஷமாகப் புல் முளைத்துக் கிடந்தது, சமையல் அறை மூலை பார்த்துக் கயிறு கட்டியாகிவிட்டது, ஐயர் தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமே என்று, இனிமேல் எங்கே வரப் போகிறது மாப்பிள்ளை என்று சொல்லி நானே கயிற்றின் மறு முனையைப் பிடித்தேன். ஊரில் எந்தத் தண்ணீர் எந்த வழியில் போகும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன், மூட வேண்டிய இடத்தில் வாக்குக் கொடுத்தேன்.

மதகைத் திறந்தால் தண்ணீர் நேராக அந்த மேற்குச் சுவரில்தான் முட்டும். செங்கல் சுவர்தான், ஆனால் சிமெண்டு கிடைக்காமல் மண் வைத்துக் கட்டியது, இன்னும் பூசவில்லை. ஒரு வயலுக்குப் பாய இரண்டு நாள் தண்ணீர் ஓட வேண்டும், அந்தச் சுவர் அரை நாள் தாங்காது. சுற்றிக் கொண்டுபோக வழி பார்த்தேன். ஒரு பக்கம் பஞ்சாயத்து ரோடு, அதை வெட்ட விடமாட்டார்கள், மறு பக்கம் எத்திராஜ் மனை, அவர் பெரம்பூரில் ரயில் ஆபீஸில் வேலை செய்கிறவர், அஸ்திவாரம் போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கே போய், மனை ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு வெட்டிக்கொள்கிறேன், பாய்ந்ததும் மூடிவிடுகிறேன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, உட்கார வைத்து காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார். "பெரியவரே, வாய்க்கா உங்க பொண்ணு ஊட்டுக்குக் கீழ கீது. அதை வுட்டுட்டு என் எடத்துல வெட்டுறேன்னு வந்து கீறீங்க. இது நாயமா, நீங்களே சொல்லுங்க." காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆயில் எஞ்சின் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், ஏரியிலிருந்து அவ்வளவு தூரத்துக்குக் குழாய் யாரிடமும் இல்லை. உன் அம்மா என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைக்கிறாள். பேபி, திறந்துவிடுங்க நைனா, நாங்கள் ஒரு வாரம் உங்கள் வீட்டில் இருந்துகொள்கிறோம் என்கிறாள், சொல்லும்போதே சுவரைத் தடவிப் பார்க்கிறாள். கங்காதரா, நீ நாலு ஊர் பார்த்தவன், படித்தவன். மதகைத் திறக்கலாமா, வேண்டாமா. கடிதம் உனக்கு வர நாலு நாள், பதில் எனக்கு வர நாலு நாள், பயிருக்கு இருப்பது ஐந்து நாள், கணக்கு எனக்கும் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், வேறு யாரிடம் கேட்பது.

1-3-1970, ஞாயிற்றுக்கிழமை

வியாழக்கிழமை எழுதியதைத் தபாலில் போட முடியவில்லை. நேற்று பங்களாவில் புல்லுக்குத் தண்ணீர் விடும்போது ஒரு யோசனை வந்தது, அதன் பின்னாலேயே போய்விட்டேன். நூறடி நீளத்தில் இரண்டு டியூப் அங்கே இருக்கிறது. பேபி வீட்டுக்கு மேலே வாய்க்காலில் மண்ணால் ஒரு அணை போட்டு, மதகைக் கொஞ்சமாகத் திறந்து, அணையில் தேங்குகிற தண்ணீரை இரண்டு டியூபிலும் வாங்கி ரோடு ஓரமாகவே வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே வாட்ச்மேன் சுலைமான் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை புல்லுக்கு ஊற்றுவது அவர்தான், நான் வாளியில ஊத்திக்கிறேன், திங்கக்கிழமை காலையில கொண்டாந்துடு என்று சொல்லி டியூபை அவரே சுருட்டிக் கொடுத்தார். சைக்கிளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு.

இன்று விடிந்ததும் நானும் லட்சுமணனும் அணை போட்டோம், வேம்புலியம்மாள் கூடையில் மண் சுமந்தாள். பிறகு நான் போய் மதகுக் கம்பியைத் தூக்கினேன். மூன்று வருஷமாகத் திறக்காத மதகு, கொஞ்சமாகத் திற என்றால் கேட்குமா. முதலில் அசையவே இல்லை, பிறகு ஒரேயடியாக இரண்டு சாண் மேலே வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் சருகையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் லட்சுமணன் கத்துகிற சத்தம் கேட்டது. டியூப் இரண்டும் குடிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, வருகிற தண்ணீர் பத்துப் பங்கு. அணை உடைந்து தண்ணீர் மேற்குச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது, பேபி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றாள். கம்பியை இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. வேம்புலியம்மாள்தான் ஓடிவந்தாள். அவள் பயிருக்குத் தண்ணீர் வருகிற வழி அது ஒன்றுதான், அந்தக் கம்பியை என்னோடு சேர்ந்து தொங்கி அவளே இறக்கினாள்.

சுவரின் அடியில் நாலு வரிசைக்கு மண் கரைந்துவிட்டது, லட்சுமணன் கல் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார், விழாது என்கிறார். சாயங்காலம் நான் மட்டும் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். டியூப் வழியாகப் போன தண்ணீர் வயலுக்குள் நுழைகிற வாய்மடையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நனைத்திருக்கிறது, மிச்சமெல்லாம் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. தோட்டத்துச் செடிக்கு வேர் பார்த்து விடுகிற வித்தை வேறு, காய்ந்து வெடித்த வயலின் தாகம் வேறு. இது தெரியாதவனா நான். தெரிந்தும், ஏதாவது செய்ய வேண்டுமே என்று செய்தேன்.

2-3-1970, திங்கட்கிழமை

காலையில் டியூபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பங்களா அம்மா வெளியே வந்து, புல் ஏன் அங்கங்கே வாடியிருக்கிறது என்று கேட்டார்கள். வெயில் ஜாஸ்தி அம்மா என்றேன். நன்றாக விடு என்றார்கள். விட்டேன், ஒரு மணி நேரம் நின்று விட்டேன், தண்ணீர் ரோட்டுக்கு வழிந்து ஓடியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பச்சைக் கட்டு கிடந்தது, பக்கத்தில் வேம்புலியம்மாள் நின்றிருந்தாள், இடுப்பில் அரிவாள். பதராகப் போகிற பயிரை நிற்க வைத்து என்ன செய்வது, தண்டு காயுமுன் அறுத்தால் மாட்டுத் தீனிக்காவது ஆகும் என்று காலையிலிருந்து அவளும் அவள் அக்காளுமாக முழுவதையும் அறுத்துவிட்டார்களாம். உனக்கு நினைவிருக்கும், நெல் அடிக்கிற அன்றைக்குக் களத்தில் ஒவ்வொரு வீட்டாரும் மதகு பார்க்கிறவனுக்கு என்று முதலில் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள், மேரை என்போம், சின்ன வயதில் அதை வாங்க நீ கோணியோடு என் பின்னால் வருவாய். அவள் அந்தக் கட்டைக் காட்டி, "இது உன் மேரை அண்ணாத்தே. நெல்லா குடுக்க முடியல. அறுத்துட்டு மதகுக்காரனுக்குக் குடுக்காம உட்டா நல்லா இருக்காது" என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். உன் அம்மா உள்ளிருந்து வந்து அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

கட்டு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. கதிரைக் கிள்ளிப் பார்த்தேன், விரலில் பால் ஒட்டியது. மாடு இல்லாத வீட்டில் இதை யாருக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, தூக்கி வேறு யாருக்காவது கொடுக்கவும் கை வரவில்லை. உன் அம்மா இன்றைக்குத்தான் என்னோடு பேசினாள். அதன்மேல் தண்ணீர் தெளித்து வைக்கட்டுமா என்று கேட்டாள்.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், உனக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும், போன இடமெல்லாம் உன் வாக்கு நிற்க வேண்டும் என்று நம் ஊர் வேம்புலி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கம்பளியை உதறி வெயிலில் போடு. பேபிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் சுவரைப் பற்றி ஒன்றும் கேட்காதே. மறக்காமல் இன்னொன்று, முதலில் உன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறேன் அல்லவா, மதகைத் திறக்கலாமா வேண்டாமா என்று. அதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு
உன் நைனா
கன்னியப்பன்