பரிந்துரை எண் ஏழு: முடிந்தது

ஜனவரி 14
பட்டியலைப் புதுப்பித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் கவுன்சிலின் கண்காணிப்புக் குழு, முதியோர் வெளியே நடமாடுவதைப் பற்றி விசாரித்துப் பதினொரு பரிந்துரைகள் செய்தது. அவை என்ன ஆயின என்று ஆண்டுதோறும் குழுவுக்குச் சொல்வது என் வேலை. பச்சை என்றால் முடிந்தது, மஞ்சள் என்றால் நடக்கிறது, சிவப்பு என்றால் நடக்கவில்லை. நிறத்தைத் துறைகளே அனுப்பிவிடும், நான் பூசுவேன். இந்த ஆண்டு பதினொன்றும் பச்சை. அயர்லாந்தில்கூட இவ்வளவு பச்சை இருக்காது. வழக்கம்போல, அன்று விசாரணையில் சாட்சி சொன்னவர்களுக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். யாரும் படிப்பதில்லை.

ஜனவரி 17
ஒருவர் படித்திருக்கிறார். திருமதி எட்னா ஸ்கோல்ஸ், வயது எண்பத்தொன்று, ஹாட்லி சாலை முதியோர் குடியிருப்பு. தொலைபேசியில்:
"தம்பி, ஏழாம் நம்பர் முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கம் இருக்குன்னு சொன்னா நானும் போய்ப் பாத்துக்குவேன்."
ஏழு என்பது அவர்கள் வாசலில் ஒரு ஜீப்ரா கிராசிங். கோப்பைப் புரட்டினேன். "சாலைத் துறை பரிந்துரையைப் பரிசீலித்தது. பரிசீலனை முடிந்தது." ஆகவே பச்சை.
எதிர்ப்பக்கம் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அவருடைய அக்கா வின்னி படுத்திருக்கிறார்.
"எப்படிப் போறீங்க?"
"பஸ்லதான். எங்க வாசல்ல முப்பத்தெட்டுல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ல திரும்பி வந்து எதிர்ப்பக்கம் இறங்குவேன். முக்கால் மணி நேரம். பாஸ் இருக்கு, ஓசிதான்."
சாலையின் அகலம் பன்னிரண்டு மீட்டர்.
மார்ச் 31-உடன் முப்பத்தெட்டாம் எண் பேருந்து நின்றுபோகிறது. சிக்கனம் பற்றிய இன்னொரு குழுவின் பரிந்துரை. ஆறே வாரத்தில் நிறைவேறியது.
"வின்னிக்கு இப்ப யாரையும் தெரியறதில்ல தம்பி. என்னை மட்டும் தெரியுது. ஒரு வாரம் போகலைன்னா அதுவும் போயிரும்."

ஜனவரி 21
சாலைத் துறைத் தலைவர் நைஜல் ப்ரூமைப் பார்த்தேன்.
"ஒரு நாள் பூரா ஆள் உக்கார வெச்சு எண்ணினோம் லயனல். அந்த இடத்துல ரோட்டைக் கடந்தவங்க பூஜ்யம். கடக்க ஆளே இல்லாத இடத்துல எதுக்குய்யா கோடு?"
"கடக்க முடியல, அதனால கடக்கல."
"அது உன் கருத்து. பூஜ்யம் புள்ளிவிவரம்."

ஜனவரி 22
ஏழாம் எண்ணைச் சிவப்பாக்கினேன்.

ஜனவரி 30
என்னையே கேட்டுக்கொண்டேன்: எதுக்குடா உனக்கு இந்த வேலை? ஓய்வுக்கு நாலு வருஷம். மூணு வருஷமா பச்சை பூசினவன் நீதானே — அப்ப எங்க போச்சு இந்த மனசாட்சி?

பிப்ரவரி 4
குழுக் கூட்டம். தலைவர் மார்ஜரி ஹெப்வொர்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"லயனல், அச்சுப் பிழையா?"
"இல்லை மேடம்."
"நம்மகிட்ட சிவப்பு மை இருக்குன்னே எனக்குத் தெரியாது."
கவுன்சிலர் பிக்கிள்ஸ், நல்லெண்ணத்தின் பேரில் மஞ்சளாக்கலாமே என்றார். ப்ரூம் பூஜ்யத்தை எடுத்து வைத்தார். பொதுமக்கள் கேள்வி கேட்க மூன்று நிமிடம் உண்டு. திருமதி ஸ்கோல்ஸுக்கு ஐந்து நொடி போதுமாக இருந்தது: "உங்கள்ல யாராச்சும் அங்க வந்து நின்னிருக்கீங்களா?"
நேரில் பார்வையிடுவது என்று தீர்மானம். எட்டுப் பேர் ஆதரவு, ஒருவர் நடுநிலை.

பிப்ரவரி 18
பார்வையிட்டோம். ஐந்து கவுன்சிலர்கள், ப்ரூம், நான். எல்லோருக்கும் ஒளிரும் மேலங்கி. திட்டம்: குடியிருப்பைப் பார்ப்பது, சாலையைக் கடப்பது, எதிர்ப்பக்கப் பராமரிப்பு இல்லத்தில் தேநீர். இருபத்திரண்டு நிமிடம் ஓரத்தில் நின்றோம். லாரிகள் ஓயவில்லை. பிக்கிள்ஸ் இரண்டு முறை காலை எடுத்து வைத்தார். இரண்டு முறையும் காலோடு திரும்பி வந்தார். எதிர்ச் சன்னலில் ஒரு தாதி தேநீர்க் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள்.
திருமதி ஸ்கோல்ஸ் பேருந்து நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார்: "ஏம்மா தலைவரம்மா, முப்பத்தெட்டு வந்திருச்சு! ஏறுங்க! உங்களுக்கெல்லாம் பாஸ் வாங்கற வயசு ஆகல, டிக்கெட் எடுக்கணும்!"
ஏறினோம். வேறு வழியில்லை. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் பத்து நிமிடம் சிகரெட் பிடித்தார். கண்காணிப்புக் குழு மழையைக் கண்காணித்தது. திரும்பும் வழியில் ஹெப்வொர்த் மெதுவாகக் கேட்டார்: "நைஜல், இன்னிக்கு எண்ணியிருந்தாலும் பூஜ்யம்தானே?"

மார்ச் 6
இரண்டு முடிவுகள். ஒன்று: மாத முடிவுக்குள் கிராசிங். இரண்டு: இனிமேல் அந்தந்தத் துறையே தன் பட்டியலைப் பராமரிக்கும், செயல்திறனைக் கூட்டவாம். என்னை இடுகாட்டுத் துறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே எதையும் பின்தொடர வேண்டியதில்லை என்று ஆறுதல் சொன்னார்கள்.

மார்ச் 30
கோடு போட்டுவிட்டார்கள். பேருந்து நிற்க ஒரு நாள் இருக்கும்போது.

மே 9
இடுகாட்டுத் துறை அமைதியாக இருக்கிறது. மதியம் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஏழு இன்னும் சிவப்பு. பச்சையாக்க வேண்டுமானால் "பரிசீலனை முடிந்தது" என்ற கடிதம் வேண்டுமாம். ப்ரூம் இந்த முறை எதையும் பரிசீலிக்கவில்லை, நேரே கோட்டைப் போட்டுவிட்டார். கிராசிங் இல்லாத மூன்று ஆண்டும் பச்சையாக இருந்தது. இப்போது கிராசிங் இருக்கிறது, ஆகவே பட்டியலில் "நடக்கவில்லை". திருத்த எனக்கு அனுமதி இல்லை.
அடுத்த ஆண்டுப் பிரதி தபாலில் போனால் சிவப்பைப் பார்த்துப் பதறிவிடப் போகிறாரே என்று திருமதி ஸ்கோல்ஸை அழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி எடுத்தார்.
"எட்னா இல்லீங்க. அக்காவுக்குப் புட்டிங் குடுக்கப் போயிருக்கா. காலைல ஒரு தடவை போனா, மூக்குக் கண்ணாடிய விட்டுட்டேன்னு மறுபடி போனா, இது மூணாவது. ஏதாச்சும் சொல்லணுமா?"
ஒன்றுமில்லை என்றேன்.