சாமியாத்தாளுக்கு ஒதுக்கிய அரைப் பக்கம்

கோபிசெட்டிபாளையம்,
14.9.1997

அன்புள்ள மதிவதனிக்கு,

இளவேனில் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, ஆல்வின் அண்ணனுக்கு முதுகுவலி தேவலையா, பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டார்களா என்று எழுது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறார். அம்மாவுக்கு முழங்கால்தான் தொந்தரவு. இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் நேரத்துக்கு விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் நடவு நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் நம் கல்லூரியின் பழைய மாணவியர் கூட்டம் நடந்தது. அதற்குப் போட்ட மலரைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நம் சாமியாத்தாள் இருக்கிறாள். அதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

சாமியாத்தாள் மாரடைப்பில் போய்விட்டாள் என்று சென்ற வருஷம் உனக்கு எழுதினேன். அது பொய் மதி. அவளுக்கு எய்ட்ஸ் இருந்தது. புருஷனிடமிருந்து வந்தது. இதை எழுத எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசி பிராக்டிகல் முடிந்த மறுவாரமே அவளுக்குக் கல்யாணம் ஆனது உனக்கு நினைவிருக்கும். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தை நீதான் பூர்த்தி செய்து கொடுத்தாய். அதை அவள் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் திருச்செங்கோட்டுப் பக்கம் போனாள். மாப்பிள்ளைக்கு இரண்டு போர்வெல் லாரி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். ஐந்தாம் வருஷம் ஒரு ஆண் குழந்தை பிறந்து பத்து மாதத்தில் இறந்தது. விடாத காய்ச்சல் என்றார்கள். அப்புறம் அவர் இளைக்க ஆரம்பித்தார். தொண்ணூற்று ஐந்தில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தார்கள். முடிவு வந்த அன்றே பெட்டியோடு காரில் ஏற்றி, அவளைப் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்பா இல்லை. அண்ணன் திருமூர்த்திதான் தோட்டத்தைப் பார்க்கிறார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று, கிணற்றடியில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஃபேன் மாட்டி, அங்கே அவளை வைத்தார்கள். கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. பயந்துபோனவர்கள். அவள் அம்மா பொன்னாத்தாள்தான் மூன்று வேளையும் வரப்பில் நடந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்.

எனக்கு ஒரு இன்லண்டு கடிதம் போட்டாள். வியாதியின் பெயரையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். "நான் வந்துட்டேன் இளா. உங்க ஸ்கூல்ல இருந்து எட்டு கிலோமீட்டர்தான். ஒருநா வந்துட்டுப் போ." அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. நான் போக மூன்று வாரம் ஆனது.

அந்த வீட்டுக்கு நான் முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். இது உனக்குத் தெரியாது. நாங்கள் இருவருமே சொல்லவில்லை. இரண்டாம் வருஷம், மாரியம்மன் நோம்பிக்கு, கட்டாயப்படுத்தி என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் கால் வைத்ததும் அவள் அம்மா, "எந்தூரு புள்ள? அப்பன் பேரென்ன?" என்று கேட்டார். சொன்னேன். அங்கப்பன் என்ற பெயரையும் ஊரையும் சேர்த்துக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து அவர்கள் வயலுக்கு நாற்று நடப் போவார்கள். உள்ளே போகவிருந்த என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கச் சொல்லி, கூரையில் செருகியிருந்த ஒரு அலுமினிய டம்ளரை எடுத்துக் கழுவித் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அது புதிதில்லை. வாங்கிப் பாதி குடித்தேன். சாமியாத்தாள் வந்து அந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, மீதியை வாய் வைத்துக் குடித்தாள். அவள் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலமே இருவரும் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது மோட்டார் ரூமைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு நாளாக இந்த இடத்திலேயே பேனாவை மூடி மூடி வைக்கிறேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. உதட்டோரம் புண். ஆனால் தலையை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள், நான் வருகிறேன் என்று. "வா புள்ள, அந்தச் சேர்ல உக்காரு. டெட்டால் போட்டுத் தொடச்சு வெச்சிருக்குது" என்றாள். உட்கார்ந்தேன். அவள் அம்மா ஒரு புது எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். நான், "இன்னைக்கு விரதம் சாமி" என்றேன். அவள் சிரித்தாள். "கருப்புச் சட்டைக்காரர் மகளுக்கு விரதமா? உங்கப்பனுக்குத் தெரியுமா இது?" என்றாள். அதற்குப் பிறகு டம்ளர் பக்கம் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டா ஒட்டாது இளா. நானும் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தைரியம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

எனக்கும் தெரியும் மதி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். அதே பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைத்திருக்கிறேன். அவள் கட்டில் விளிம்பில் கையை மல்லாத்தி வைத்திருந்தாள். ஒரு முழ தூரம்கூட இல்லை. நான் மடியிலிருந்த ஹேண்ட்பேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சேலையைத் தனியாக அலசிப் போட்டேன். எங்கள் அம்மா பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, எழவு ஊட்டுக்கா போயிட்டு வாரே?" என்று கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை வந்தது. அதற்கடுத்ததற்கு அம்மாவின் முழங்கால். ஏழு மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று நீயே எண்ணிப் பார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பங்குனியில் அவள் இறந்துபோனாள். அந்த ஊரிலிருந்து வருகிற ஒரு மாணவி நான்காம் நாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளிப்பாட்ட ஒரு பெண்ணும் வரவில்லையாம். பெற்ற தாயே தண்ணீர் சேந்திக் குளிப்பாட்டினாராம். அன்றும் நான் போகவில்லை. உனக்கு மாரடைப்பு என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு, வகுப்புக்குப் போய்விட்டேன்.

இந்த ஜூன் மாதம் ரங்கநாயகி அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. நமக்கு இரண்டு வருஷம் மூத்தவர், பேச்சுப் போட்டிக்கெல்லாம் போவாரே, அவர்தான் இப்போது சங்கச் செயலாளர். மறைந்த மாணவியரை நினைவுகூர மலரில் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், ஒரே அறையில் இருந்தவள் என்பதால் சாமியாத்தாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, ஒரு போட்டோவும் வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

போட்டோவுக்காக அந்த வீட்டுக்குப் போனேன். இந்தமுறை முன்கூடத்தில் சோபாவில் உட்காரவைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். பொன்னாத்தாள் அம்மா இப்போது என்னை 'டீச்சருங்க' என்றுதான் கூப்பிடுகிறார். திருமூர்த்தி எதிரே உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கறமுங்க. ஏற்கனவே ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சு. தங்கச்சியப் பத்தி எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா அதையொண்ணும் எழுதிப்போடாதீங்க. ஹார்ட் அட்டாக்குன்னே இருக்கட்டுங்க" என்றார். கோபப்படத்தான் நினைத்தேன். எந்த உரிமையில் கோபப்படுவது?

பொன்னாத்தாள் அம்மா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னார்: "நீங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் அந்தச் சேர எடுக்கவே உடலீங்க. துணி போட்டு வெச்சாக்கூடச் சத்தம் போடுவா. டீச்சர் வந்தா எங்க உக்காருவாங்கன்னு கேப்பா. நாந்தான் வாராவாரம் தொடச்சு வெப்பனுங்க." குற்றமாகச் சொல்லவில்லை அவர். மகளைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. கிழித்தேன். திருமூர்த்தியின் பெண்ணை நினைத்துத்தான் கிழித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அதில் என் ஹேண்ட்பேக்கும் விரதமும் இருந்தன என்பதும் ஒரு காரணம். கடைசியில், படிப்பு, கல்யாணம், இனிய குணம் என்று எல்லோருக்கும் எழுதுகிற மாதிரி எழுதி, இறந்த காரணத்தை மட்டும் எழுதாமல் அனுப்பினேன். அதையாவது பொய் சொல்லாமல் விட்டோமே என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் ரங்கநாயகி அக்கா பள்ளிக்கூடத்துக்கே போன் பண்ணினார். தலைமையாசிரியர் அறையில் நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "மத்தவங்களுக்கெல்லாம் போட்டிருக்குதுங்க இளவேனில், இவங்களுக்கு மட்டும் வெறுமனே உட்டா ஒருமாதிரி இருக்கும். என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். தெளிவான குரலில், "மாரடைப்புங்க" என்றேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் நீ படிக்கப்போவது அந்த வார்த்தையைத்தான்.

கூட்டத்தில் மறைந்தவர்கள் பதினான்கு பேரின் பெயரையும் வாசித்தார்கள். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். மணி அடித்ததும் உட்கார்ந்தோம். அப்புறம் சாப்பாடு. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யார் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு. எனக்கு இருக்க முடியவில்லை. எழுந்து மாடிக்குப் போனேன். கெமிஸ்ட்ரி லேப் திறந்திருந்தது. உள்ளே நம் அட்டெண்டர் ராமுலு சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. வருகிற மார்ச்சில் ஓய்வாம். கீழே நடந்தது ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை. என்னை அடையாளம் தெரியவில்லை. பெயர் சொன்னேன், வருஷம் சொன்னேன், அப்போதும் தெரியவில்லை. எந்த மேசை என்று காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, உங்ககூட ஒரு அம்மணி நிக்குமேங்க! உப்ப உள்ளங்கையில வெச்சு உருட்டிப் பாத்துட்டே இன்னதுதான்னு சொல்லுமே. டெஸ்ட் ட்யூப்பே எடுக்காது. நாங்கூடப் பலதடவ உப்புப் பேரு எழுதுன சீட்டப் பாத்து ஒத்துப் பாப்பனுங்க, ஒருதரங்கூடத் தப்புனதில்ல. அந்த அம்மணி வரலீங்களா?" என்று கேட்டார்.

மதி, அந்த லேப்பில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. தட்டிப்போக எந்தக் கல்யாணமும் அங்கே இல்லை. ராமுலுவிடம் சொல்லியிருக்கலாம். அவள் செத்துப்போய்விட்டாள் என்பதையாவது சொல்லியிருக்கலாம். நான், "வரலீங்க" என்றேன். "அடுத்த தடவ கூட்டியாங்க அம்மணி. மார்ச்சுக்குள்ள வந்தா நாம்பாத்துருவேன்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. நீ இனிமேல் என்னோடு பேசவேண்டாம் என்று நினைத்தாலும் நினைக்கலாம். அப்படியில்லாமல் பதில் போடுவதாக இருந்தால், ஒரு வேண்டுகோள். உன்னால் முடிந்ததைத்தான் செய்தாய், அந்தக் காலம் அப்படி, எல்லோரும் பயந்தார்கள் என்றெல்லாம் எழுதிவிடாதே. உன் மனசு எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உனக்குக் கை வரும். வேண்டாம். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதாவது ஒன்று உன்னிடம் இருக்கும். நான் ஊருக்குப் போன விடுமுறைகளில் நீங்கள் இருவர் மட்டும் அறையில் இருந்திருக்கிறீர்கள். அவள் உன்னிடம் சொன்னது, உன்னோடு சண்டை போட்டது, எதற்காவது அழுதது, எதுவாக இருந்தாலும் சரி. அதை எழுது. ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். ஆல்வின் அண்ணனை உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல். உனக்கும் உன் வீட்டாருக்கும், எந்தக் காலத்தில் எது வந்து படுத்தாலும், பக்கத்தில் வந்து உட்காரவும் கையைப் பிடித்துக்கொள்ளவும் மனிதர்கள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்
இளவேனில்