ரிஷிவந்தியம் சாலையில் திரும்பி நடந்தவளுக்கு

மகன் அனுப்பிய கேமராப் பெட்டியில் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் சின்ன விளக்கு ஒன்றும் இருந்தது. மொட்டைமாடிக்குப் போய்ப் போட்டேன். சிவப்பாக எரிந்தது. கல்வராயன் மலையில் நாம் வேலை பார்த்த பள்ளியின் பின்பாறையும், டார்ச் முகப்பில் நீ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய சிவப்புக் காகிதமும் நினைவுக்கு வந்தன. "வெள்ள வெளிச்சம் பட்டா கண்ணு மறுபடியும் இருட்டுக்குப் பழவ அரமணி நேரம் ஆவும்டி" என்பாய்.

ஓய்வுபெற்ற பிறகு வானத்துக்குத் திரும்பியிருக்கிறேன். ஓரையன் விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே உன் பைனாகுலரில் புகைபோலத் தெரிந்ததே, அதைப் படமெடுக்க ஒரு மாதம் பாடுபட்டேன். முதலில் நட்சத்திரங்கள் கோடு கோடாக விழுந்தன. வானத்தோடு சேர்ந்து மெல்லச் சுழலும் கேமராத் தாங்கியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேர்படுத்த வேண்டுமாம். கள்ளக்குறிச்சியில் அது மிகத் தாழ்வு. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டித்தான் தெரிகிறது. நேற்று நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கியபோது அந்தப் புகை இளஞ்சிவப்பாக இறக்கை விரித்தது.

காட்ட நீ இல்லை. நீ இறந்த செய்தி பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே வந்தது.

வால்நட்சத்திரம் வந்த பங்குனியில் விடியுமுன் என்னை எழுப்பிப் பாறைக்கு இழுத்துப் போனாய். "இன்னாடி, தெரியுதா?" என்றாய். எனக்குத் தெரியவில்லை; ஆனாலும் தெரிகிறது என்றேன். நீ சிரித்து, என் தலையைப் பிடித்துத் தெற்கே திருப்பினாய்.

அடுத்த ஆண்டு இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். அந்த வாரம்தான் உன் அப்பாவுக்கு உயிர் போகும் நிலை என்று தந்தி வந்தது. அவர் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டும் கூலி. பேருந்து இல்லை. உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நானும் கிளம்பினேன். தியாகதுருகம் வரை ஒரு லாரி. அங்கிருந்து, வெட்டிச் சாய்த்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

ரிஷிவந்தியத்துக்குச் சற்று முன்னால் எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்று மறித்தது. கையில் கோடரியோடு என் அண்ணன்.

"கூட யாரு?"

"எங்கூட வேல செய்ற டீச்சரு. அவங்கப்பாவுக்கு சீரியஸ்ணா."

"எந்த ஊருங்க?" என்று உன்னைக் கேட்டான். சொன்னாய். அந்தப் பெயரே நீங்கள் யார் என்பதைச் சொல்லிவிட்டது. அவன் முகம் மாறியது.

"இன்னிக்கி போவ முடியாது. திரும்பிப் போவச் சொல்லு. நீ வா, சைக்கிள்ல ஏறு."

"அவளும் வரட்டும்ணா."

"நீ எங்க வூட்டுப் பொண்ணு. அவங்க யாரு?"

நான் உன்னைப் பார்த்தேன்.  "நீங்க போங்க" என்றாய் என்னிடம்.

இரண்டு வருடமாக 'டி' போட்டுப் பேசியவள். நான் சைக்கிளில் ஏறினேன்.

நீ வயல்கள் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தாய். அழுவாய், திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். "எட்டாவது நோட்டெல்லாம் திருத்திட்டீங்களா?" என்றாய். மாற்றல் வாங்கிப் போகும்வரை அந்த 'ங்க' போகவில்லை. நான் பாறைக்குப் போவதை விட்டேன்.

எங்கள் கோரிக்கை நியாயமானதுதான். அதில் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் என் மகன் பொறியியல் படித்தான். இந்தக் கேமராவும் அவன் சம்பாத்தியம். போன வாரம் அண்ணனிடம் உன் சாவைச் சொன்னேன். "எந்த டீச்சரு?" என்றான். உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

எனக்கு இருக்கிறது. யாரிடமும் சொல்லாத ஒன்றையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ வெயிலில் வரப்பு வரப்பாக நடந்துகொண்டிருந்த அந்த மதியம் அம்மா எனக்குச் சோறு போட்டாள். பசித்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.