நீலம் அணைந்த பாட்டில்

கார்த்திகை 12. பனி. எதிர்ப் புளியமரம் தெரியவில்லை.

மகள் மலருக்கு என் மேல் கோபம். ஆராய்ச்சிக்குத் தண்ணீர் பிடித்தனுப்ப பாட்டில்கள் கொடுத்திருந்தாள். அழுக்காய் அனுப்பினால் கேவலமாச்சே என்று புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். காலேஜில் எல்லாத் தண்ணீரும் விஷம் என்று வந்து, சார் முன்னால் அவள் மானம் சிரிப்பாய்ச் சிரித்ததாம்.

"இன்னா நைனா, உன்ன யாரு கழுவச் சொன்னது? புளிப்பு பட்டாலும் வெளிச்சம் அணைஞ்சிடும்."

"பாட்டில் பளபளன்னு இருந்துச்சா இல்லையா?"

போனை வைத்துவிட்டாள். பத்தாவது பெயிலுக்கு இது தேவைதான்.

அவள் ஆராய்ச்சியில் எனக்குப் புரிந்த வரை: நம் சாமை உமியைக் கருக்கி எடுத்த, கண்ணுக்கே தெரியாத கரித்துகள். தண்ணீரில் விட்டு, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாய் மின்னும். ஈயம் கலந்த தண்ணீரென்றால் மின்னாது.

கார்த்திகை 15. தூறல்.

மலரே வந்துவிட்டாள். ஓடை, ஊர்க் குழாய், பள்ளிக்கூடத் தொட்டி. கழுவாத பாட்டில்! எல்லாம் மின்னின. ஸ்பீக்கரில் அவள் சார்: "எல்லாம் நல்ல தண்ணியா இருந்தா கட்டுரை எப்படிம்மா போடுறது? ஒண்ணாவது கெட்டது வேணும். இல்லன்னா இந்த வருஷமும் பட்டம் இல்ல."

பிள்ளை சாப்பிடவில்லை. ஒரு கெட்ட தண்ணீர் காட்டு என்று சாமியைக் கேட்டேன். இப்படி வேண்டிக்கொண்டவன் இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான்.

கார்த்திகை 16. நல்ல வெயில்.

கழுவாத பாட்டில் ஒன்று மீதி. சும்மா இருப்பானேன் என்று வீட்டுக் கிணற்றில் பிடித்துக் கொடுத்தேன். விளக்கு காட்டினாள். இருட்டு. திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நைனா! அணைஞ்சிடுச்சு! ஈயந்தான்!"

கையைப் பிடித்துச் சுற்றினாள். நானும் ஆடினேன், வேட்டி நழுவ.

வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்தன்: "இன்னா மாமா, பொண்ணுக்குக் கல்யாணமா?"

"பட்டம்டா!"

கிணற்றுக்கு நேர் மேலே மேட்டில், பழைய பேட்டரி உடைத்து ஈயம் காய்ச்சுகிறவன் குழி. வேறெங்கிருந்து வரும்?

"இனிமே இத்த குடிக்காத நைனா." உடனே சாருக்குப் போன். சிரிப்பு. பிறகு என் தோளில் சாய்ந்து, "அம்மா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருக்கும்."

அவள் அம்மா போன மாசியில் கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். திருப்பத்தூர் டாக்டர் முதலில் கல் என்றார். நிறைய தண்ணீர் குடிங்கம்மா என்றார்.

"ஆமா கண்ணு" என்றேன்.

குடம் குடமா இத்தத்தான் இறைச்சுக் குடுத்தேன் கண்ணு என்று சொல்லவில்லை.