தொழிலாளர் தினத்தில் உட்கார நாற்காலி இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், நானும் சுகம், உன் தங்கச்சியின் கால்தான் சுகமில்லை. நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுசாகப் படி.

தொழிலாளர் தினம் என்பது உழைக்கிறவன் ஒருநாளாவது காலை நீட்டி உட்காரட்டும் என்று சண்டை போட்டு வாங்கின லீவு. உன் தங்கச்சி வேலை பார்க்கிற செருப்புக் கடை வாசலில் அன்றைக்கு ஆள் உயரத்துக்குப் பேனர், உழைக்கும் கைகளுக்கு வணக்கம், எல்லாச் செருப்பும் பாதி விலை என்று. கைக்கு வணக்கம் சொல்லிச் செருப்பு விற்கிறானாம், பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே வேலை செய்கிற ஒருத்திக்கும் லீவு கிடையாது. நாற்காலியெல்லாம் வாங்க வருகிறவர்களுக்குத்தான், இவர்கள் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கண்ணாலேயே எழுப்பிவிடுவான். முந்தின நாளே அவள் கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை, பர்ஸை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். என் பொண்ணுக்குத்தான் செருப்பு வேணும், அவள உட்கார வைச்சு நீங்களே போட்டுக் காட்டுங்க என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஸ்டாஃபுக்கு சேர் கிடையாதும்மா என்றான். இன்னிக்கு லீவு தம்பி, இன்னிக்கு அவ ஸ்டாஃப் இல்ல, கஸ்டமர் என்றேன். கூட்டம் வேடிக்கை பார்க்கவும் மனுஷன் வேறு வழியில்லாமல் குனிந்தான். ஏழெட்டு ஜோடி போட்டுப் பார்த்தும் அந்த வீங்கின காலுக்குள் ஒன்றும் நுழையவில்லை, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன் தங்கச்சியோ வீட்டுக்கு வந்து, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேம்மா என்று கத்தினாள். அவள் பயந்த மாதிரியே மறுநாள் கிடங்கில் பெட்டி தூக்க அனுப்பிவிட்டார்கள். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதைச் சொன்னால் நீ சிரிக்கிறாய். அந்த சூப்பர்வைசர் பாவம்மா, லீவு நாள்லதான் வியாபாரமே, என் கடையிலயும் அன்னிக்கு ஒருத்தருக்கும் லீவு குடுக்கல என்கிறாய். அத்தனை பேரையும் நிற்க வைத்துவிட்டு, அன்றைக்குக் காலையில் எனக்கு ரோஜாப்பூப் படம் போட்டுத் தொழிலாளர் தின வாழ்த்து அனுப்பினாயே, அது யாருக்குடா வாழ்த்து? நீ மேனேஜர் ஆனபோது தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவள் நான், இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் வள்ளென்று விழாதே. இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் கடைக்கும் ஒருநாள் யாரோ ஒருத்தி மகளைத் தேடி வருவாள். அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு நீயே நாற்காலி எடுத்துப் போட்டுவிடு. போடாவிட்டால், அவள் பக்கம் நின்று உன்னைக் கேள்வி கேட்கிற முதல் ஆள் உன்னைப் பெற்றவளாகத்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
அம்மா