கொட்டையில்லாத இலந்தை

ஆரல்வாய்மொழி,
ஆடி மாதம்

அன்பு மகள் நந்தனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மையும் சுகம், காற்றுதான் கூரை ஓட்டைப் பிய்க்கிறது, நீயும் மாப்பிள்ளை அனில்குமாரும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் இந்த முறையும் விசா இல்லை என்றுவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று உன் அம்மை அடுப்பே பற்றவைப்பதில்லை, நான் கடைத் தோசையில் காலம் தள்ளுகிறேன்.

போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் லீவு முடிந்து உங்கள் நியூசிலாந்துக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ஷைஜு கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். நம் வயல் வரப்பில் இசக்கியம்மன் பீடத்தை ஒட்டி நிற்கும் இலந்தை, இந்த ஆடியில் காலம் தப்பிக் கிளை தாழக் காய்த்திருக்கிறது. சந்தையில் விற்கும் ஆப்பிள் இலந்தை இல்லை, அதே கோலி அளவு நாட்டுப் பழம், அதே புளிப்பு, ஆனால் கடித்தால் கொட்டை இல்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் தோட்டத்துச் செர்ரியும் பிளம்மும் போல இதுவும் உள்ளே ஒற்றைக் கொட்டை வைக்கிற பழம்தானே, அந்தக் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் துடைத்து எடுத்தது போல வெறும் குழி. ஒரு கூடைப் பழத்தையும் பிளந்து பார்த்துவிட்டேன். விவசாயம் படித்த பெனின், மகரந்தம் சரியாகச் சேராவிட்டால் இப்படி ஆகும் என்றான், எனக்கும் சரியென்றே பட்டது. உன் அம்மை மட்டும் "அவ கொட்டைய துப்பாமல்லா போயிட்டா" என்று உன்னைச் சொன்னாள்.

அந்த மரத்துப் பழத்தை யாரும் தின்னலாம், கொட்டையை அங்கேயே துப்பிவிட்டுத்தான் வரப்பைத் தாண்ட வேண்டும், உனக்கும் தெரியும். மாசியில் வந்தபோது மசக்கையில் மடி நிறையப் பொறுக்கிப் போய் விமானத்திலேயே தின்று தீர்த்தாய். பையில் கிடந்த கொட்டைகள் அங்கே எந்தச் சோதனையிலும் அகப்படவில்லை, பால்கனித் தொட்டியில் ஊன்றினேன் என்று நீதான் சிரித்தாய்.

மக்கா, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முதுகுக்குப் பின்னால் பால்கனி முழுக்க உங்கள் ஊர்க் குளிர்காலத்துப் பனி. நடுவில் அந்தத் தொட்டியில் உன் உயரத்துக்கு இலந்தை, சிவக்கச் சிவக்கப் பழம். செடி நன்றாக வந்திருக்கிறதே என்றேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கே அப்பா, ஒன்றுமே முளைக்கவில்லை, வெறும் மண்தான் என்றாய். நான் உன் அம்மையைப் பார்த்தேன். அவள் போனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இசக்கி பிள்ளைத்தாய்ச்சிக்குக் காவல் நிற்பவள், மனம் கோணினால் பிள்ளையைக் கேட்பவள். எங்களிடம் விசா கேட்டவர்கள் அவளிடம் கேட்கவில்லை. துணைக்கு வந்திருக்கிறாளா, வாங்கிப் போக வந்திருக்கிறாளா என்று தெரியாமல்தான் எனக்குப் பயமாயிருக்கிறது. எதற்கும் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிடாதே, தினமும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்று, மாப்பிள்ளை கேலி செய்தால் அப்பாவுக்குக் கிறுக்கு என்று சொல்லிவிடு.

தாயும் பிள்ளையும் வேறுவேறாகி, குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழுங்கள். வலி எடுத்தால் பால்கனிக் கதவைத் தாழிடாதே. பிள்ளை பிறந்ததும் அவசரப்பட்டு எங்களுக்குப் போன் போடாதே, முதலில் மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி அந்தத் தொட்டியிடம் சொல்லச் சொல். நாங்கள் காத்திருப்போம்.

உன் அப்பா,
சுடலையாண்டி